லைட் எரியுது அம்மணி

கோகிலவாணிக்கு நடந்த அநியாயம் இன்னதென்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் காரைப்பாளையத்துக்காரர்கள் முந்திக்கொண்டு வேறு மாதிரி சொல்லிவிடுவார்கள். பட்டப்பகலில், மெயின் ரோட்டில், தன் பாட்டுக்கு இடப்பக்கமாக பைக் ஓட்டிக்கொண்டு வந்தவளை, எதிரே வெள்ளைக் காரில் வந்த கொப்பரைக் களத்து முதலாளி தெய்வசிகாமணி பார்த்தார். பார்த்து, ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை எடுத்து, ஐந்து விரல்களையும் மொட்டாகக் குவித்து விரித்து, குவித்து விரித்து, "லைட் எரியுது அம்மணி" என்று அந்த ஊர் வழக்கப்படி அவளுக்குத் தெரிவித்தார். தெரிவித்த கையோடு காரை வலப்பக்கம் ஒடித்து, களத்துக்குள் திரும்புகிறேன் பேர்வழி என்று அவளை இடித்துத் தள்ளினார். தள்ளிவிட்டு, "நான் பாக்கவே இல்லீங்க" என்றார். ஊர், ஆமாம் அவர் பார்க்கவில்லை என்றது.

அந்த வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிதாக வரும் பைக்குகளில் ஹெட்லைட்டை அணைக்க சுவிட்சே கிடையாது. வண்டியைக் கிளப்பினால் விளக்கு எரியும், நிறுத்தினால்தான் அணையும். எதிரே வருகிறவன் கண்ணில் படட்டும், பட்டால் இடிக்க மாட்டான் என்று எங்கோ உட்கார்ந்து யோசித்தவர்கள் அப்படிச் செய்து அனுப்பியிருந்தார்கள். பாவம், அவர்கள் காரைப்பாளையத்தைப் பார்த்ததில்லை. ஆம்புலன்ஸ் வந்து அலறினாலும் ஒதுங்காத ஊர், தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடுகிறவளைக் கண்டு ஹாரன் அடிக்கிற ஊர், பகலில் எரியும் ஒரு விளக்கைக் கண்டுவிட்டால் மட்டும் பதறிப்போகும். நடந்து போகிறவன், பஸ் ஜன்னலில் தொங்குகிறவன், எருமை ஓட்டிப் போகிறவன், பிணத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டு போகிறவன் உட்பட அத்தனை பேரும் கையைத் தூக்கி விரல்களைக் குவித்து விரித்துக் காட்டுவார்கள். ஒரு பல்பு வீணாவதைத் தடுத்துவிட்ட திருப்தி அவர்கள் முகத்தில் அன்று முழுக்கத் தங்கியிருக்கும்.

கோகிலவாணி ஒரு லேப்பில் வேலை பார்த்தாள். ஐஸ் பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு, எழுந்து வர முடியாதவர்களின் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்துவருவது அவள் வேலை. வண்டி வாங்கின புதிதில், கை காட்டுகிற ஒவ்வொருவரிடமும் வண்டியை நிறுத்தி, "இது ஆஃப் ஆகாதுங்க, வர்றப்பவே இப்படித்தான் வருது, உங்க கண்ணுக்குத் தெரியணும்னுதான் எரியுது" என்று விளக்கிப் பார்த்தாள். "தெரியாமயா சொல்றோம்?" என்று சிரித்தார்கள். "பேட்டரி எறங்கிப்போயிரும் அம்மணி, சொன்னாக் கேளு" என்றார்கள். பைக்கில் போகிற பெண்ணுக்கு ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டியிருந்தது அவர்களுக்கு. அதற்கு விளக்கு வாகாக அமைந்தது.

ஆக, தெய்வசிகாமணி அன்று செய்ததில் பாதி ஊர் செய்வதுதான். மீதிப் பாதியில் அவள் முழங்கால் போயிற்று.

போலீஸ் ஸ்டேஷனில், கட்டுப் போட்ட காலை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நீட்டிக்கொண்டு, இன்னொரு நாற்காலியில் கோகிலவாணி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் தாய்மாமன் கந்தவேல், குற்றம் செய்தவன் போலக் கைகட்டி நின்றிருந்தார். தெய்வசிகாமணி மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா இல்லீங்களா?" என்று எஸ்.ஐ. மரியாதையாகக் கேட்டார்.

"பாக்கவே இல்லீங் சார். வெயில் வேற கண்ணைக் கூசுச்சுங்."

அவர் சொல்லி முடித்ததும் அவருடைய வலது கை தொடையிலிருந்து தானாக எழுந்தது. மார்பு உயரத்துக்கு வந்து நின்று, ஐந்து விரல்களையும் மொட்டாகக் குவித்தது. விரித்தது. குவித்தது, விரித்தது. அவர் இடது கையால் அதைப் பிடித்து மடியில் அமுக்கினார்; அது மடியிலும் குவிந்து விரிந்தது. எஸ்.ஐ. சட்டென்று எழுந்து, வாசலில் நின்ற தன் பைக்கில் லைட் எரிகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, எரியவில்லை என்று உறுதி செய்துகொண்டு, திரும்ப வந்து உட்கார்ந்தார். அதற்கு மேல் அவருக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை.

"சார், இந்தக் கையத்தான் சார் அன்னைக்கும் காட்டுனாரு" என்றாள் கோகிலவாணி. "லைட் எரியறதப் பாக்காம, லைட் எரியுதுன்னு எப்படி சார் காட்ட முடியும்?"

எஸ்.ஐ. யோசித்தார். யோசிப்பது அவருக்குச் சிரமமாக இருந்தது தெரிந்தது. "லைட்டைப் பாத்திருப்பாரும்மா. உன்னைத்தான் பாக்கல."

"லைட் என்ன சார், தனியாவா வந்துச்சு?"

"அம்மணி, பெரியவங்க பேசறப்ப எதுத்துப் பேசாத" என்றார் மாமா.

அதோடு முடிந்தது. ஆள் வருவதே தெரியாத மாதிரி வண்டி ஓட்டினாள் என்று தப்பு அவள் பேரில் விழுந்தது. ஆள் வருவதே தெரியாத மாதிரி ஓட்டுகிறவளிடம் ஐஸ் பெட்டியைக் கொடுக்க முடியாது என்று லேப்காரர் அவள் வேலையைத் தன் மச்சானுக்குக் கொடுத்தார். மாமா பைக் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "தெய்வசிகாமணி அண்ணன் தன் வாயால உன்னைப் பாத்தேன்னு சொல்லட்டும், அன்னைக்குச் சாவி தர்றேன். அது வரைக்கும் ரோட்டுல நீ கண்ணுக்குத் தெரியாத ஆளுதான்" என்றார். சொல்லிவிட்டு அந்த பைக்கை அவரே ஓட்டிக்கொண்டு போனார்.

ஆகவே கோகிலவாணிக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு சொல். அந்தச் சொல் ஒருவர் வாய்க்குள் இருந்தது. அவர் கையோ அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

கை நிற்கவில்லை. குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் படுத்திருக்கும்போதும் அது குவிந்தது, விரிந்தது. கோயமுத்தூர் டாக்டர் நரம்பு என்றார், உடுமலைப்பேட்டை வைத்தியர் வாயு என்றார், பூசாரி எதுவும் சொல்லாமல் திருநீறு மட்டும் போட்டார். ஊருக்கு முதல் வாரத்தில் சிரிப்பு வந்தது. அடுத்த வாரத்தில் பழகிப்போனது. அதற்கடுத்து, இது இல்லாமல் இத்தனை நாள் எப்படி இருந்தோம் என்று தோன்ற ஆரம்பித்தது. சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் தரகர்கள், அவர் கை விலையை மேலும் மேலும் ஏற்றுகிறது என்று புரிந்துகொண்டு, வேண்டாத கிழட்டு எருமைகளையெல்லாம் அவர் தலையில் கட்டினார்கள். கட்சிக்காரர்கள் சிலர் இது எங்கள் சின்னம் என்று மாலையோடு வந்து, கை விரியும்போது பூரித்து, குவியும்போது முகம் தொங்கிப்போய், மாலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். கலியாண வீடுகளில் மணமக்களை அந்தக் கைக்குக் கீழே குனியவைத்தார்கள். பால் குடிக்காத குழந்தைகளைத் தூக்கி வந்து, அந்தக் கை உச்சந்தலையில் மூடித் திறக்கும்படி பிடித்துக்கொண்டு நின்றார்கள் தாய்மார்கள். குழந்தைகள் வீறிட்டு அழுதால் அருள் இறங்குகிறது என்றார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கூத்து ரோட்டில் நடந்தது. தெய்வசிகாமணி தன் களத்து வாசலில், ரோட்டைப் பார்த்து நாற்காலி போட்டு உட்காருவார். போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் கை காட்டியபடி இருப்பார், காட்டாமல் இருக்க அவரால் முடியாது. பெரிய மனிதர் இத்தனை சொல்லியும் விளக்கை எரியவிடுவது மரியாதையா என்று காரைப்பாளையத்து ஆண்களுக்கு உறுத்தியது. மெக்கானிக் ஷாப்பில் வரிசை கட்டி நின்று, வயரை வெட்டி நடுவில் ஒரு சுவிட்ச் வைக்கச் சொன்னார்கள். ஊர் வண்டிகளெல்லாம் பகலில் விளக்கணைத்து ஓடின. பிறகு அவரவர் பங்குக்கு இடித்துக்கொண்டார்கள். வளைவில் பால்காரன் பந்தல்காரன் மேல் ஏறினான், பந்தல்காரன் பஞ்சாயத்து டிராக்டரில் மோதினான், எல்லோரும் "பாக்கவே இல்ல" என்றார்கள். ஒருவன் சொன்னால் பொய்யாக இருக்கலாம், ஊரே சொன்னால் அது வழக்கம். ஆம்பளைகள் இடித்துக்கொண்டபோது மட்டும் வண்டி ஓட்டத் தெரியாதவன் என்று யார் சாவியையும் யாரும் பிடுங்கவில்லை.

கோகிலவாணி வாதாடிக்கொண்டே இருந்தாள். ரேஷன் கடை வரிசையில் வாதாடினாள், பஸ் ஸ்டாப்பில் வாதாடினாள், காலை நீட்டி உட்கார்ந்து தண்ணீர்க் குழாயடியில் வாதாடினாள்.

"லைட்டைப் பாத்த கண்ணு, லைட்டுக்குப் பின்னாடி இருக்கற ஆளைப் பாக்காதாக்கா?"

"அப்படியில்ல அம்மணி. லைட்டு பளிச்சுனு இருக்கும். நீ கொஞ்சம் கறுப்பு."

"சரி, அப்படியே வெச்சுக்குங்க. ஆளில்லாம ஒரு லைட்டு மட்டும் ரோட்டுல மெதந்து வருது. அதைப் பாத்ததும் பயந்து காரை நிறுத்தோணுமா, இல்ல கை காட்டிட்டு அது மேல ஏத்தோணுமா?"

"நீ நல்லாத்தான் பேசற. இப்படிப் பேசுனா எவன் உன்னைக் கட்டுவான்?"

ஒவ்வொரு வாதமும் அந்த இடத்தில் போய் முடிந்தது. பதில் இல்லாதபோது கலியாணத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள், வாசலை மறித்துக் கட்டிலைப் போடுவது போல. இத்தனைக்கும் சாட்சி தினமும் எல்லோர் கண்ணெதிரில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கை 'பார்த்தேன், பார்த்தேன்' என்று சொல்கிறது என்று அவள் சொன்னால், அவர்கள் திரும்பிக் கையைப் பார்த்து, பக்தியோடு கும்பிட்டுவிட்டு, அவரவர் வண்டி விளக்கைச் சரிபார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் வந்தவள் தெய்வசிகாமணியின் மனைவி மயிலாத்தாள். வெயில் ஏறிய நேரத்தில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு பை நிறையத் தேங்காயோடு வந்து கோகிலவாணியின் வாசலில் நின்றாள். ஊரில் அந்தக் கையோடு உண்மையில் குடும்பம் நடத்தியவள் அவள் ஒருத்திதான்.

"என்ன அம்மணி பண்ணி வெச்ச எங்க ஊட்டுக்காரர? ராவெல்லாம் போர்வைக்குள்ள அது பாட்டுக்குக் கோழி கெளர்றாட்ட கெளறுது. சோத்தை நாந்தான் ஊட்டறேன். கொழந்தைக்கே நான் இப்படி ஊட்டல. சாபத்தை எடுத்துரு சாமி."

"நான் ஒண்ணும் பண்ணலீங்கக்கா. அவரு வாயி பாக்கலைங்குது, கையி பாத்தேங்குது. ரெண்டும் ஒரே ஆளோடதுதான? ரெண்டையும் பேசி ஒரு முடிவுக்கு வரச் சொல்லுங்க."

மயிலாத்தாள் தேங்காய்ப் பையைக் கீழே வைத்தாள். "பாத்திருப்பாருன்னு எனக்கும் தெரியும்" என்றாள், வேறு யாருக்கும் கேட்காத குரலில். "பாக்காத ஆளுக்கு அவரு கை காட்ட மாட்டாரு. அதுலயெல்லாம் சரியா இருப்பாரு."

"அப்ப அதை நீங்க ஸ்டேஷன்ல சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"என்னை யாரு கேட்டா?"

அதற்கு மேல் அவளோடு கோகிலவாணி வாதாடவில்லை. ஸ்டேஷனில் யார் முன்னால் பார்க்கவில்லை என்றாரோ அதே ஆட்கள் முன்னால் பார்த்தேன் என்று சொல்லட்டும், கை நின்றாலும் நிற்கும் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். தேங்காயை வாங்கவில்லை.

விஷயம் கசிந்ததும் ஊர் கொதித்தது. அவள் கால் உடைந்தபோது கொதிக்காத ஊர், கை நின்றுவிடுமோ என்று கொதித்தது. கோயில் நோம்பித் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடித்தாகிவிட்டது, அதில் அம்மன் படம் ஓரமாகவும் கை படம் நடுவிலும் இருந்தது. கோயில் கமிட்டிக்காரர்கள் களத்துக்குப் போய், "ஒத்த வார்த்தைக்கு ஊர் சொத்தைத் தூக்கிக் குடுத்தராதீங்க" என்று கெஞ்சினார்கள். தெய்வசிகாமணி அவர்களைக் கண்கள் சிவந்து பார்த்தார். உறங்கி எத்தனையோ காலமாகியிருந்தது அவருக்கு. கையோ கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் லைட் எரிகிறது என்று தெரிவித்தபடி இருந்தது.

அவர் சொல்லிவிடுவதென்று முடிவான அன்று காலையில் களத்தில் கால் வைக்க இடமில்லை. உலர்ந்துகொண்டிருந்த தேங்காய்களை ஒதுக்கித் தள்ளி, ஊர் உட்கார்ந்தது. எஸ்.ஐ. வந்திருந்தார், லேப்காரர் வந்திருந்தார், மாமா கோகிலவாணியின் பைக்கில் வந்து அதைக் களத்தின் உள்ளே நிழலில் நிறுத்தியிருந்தார். தெய்வசிகாமணி நாற்காலியில் உட்கார்ந்தார். கோகிலவாணி சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து அவர் எதிரில் நின்றாள். அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேனுங்க. அன்னைக்கு என்னைப் பாத்தீங்களா?"

"வெயில் அம்மணி" என்றார். கை வேகமெடுத்தது.

"வெயில் உங்க முதுகுப் பக்கம் இருந்துச்சுங்க."

"கண்ணாடி அழுக்கு." கை இன்னும் வேகமெடுத்தது, சட்டைக் கை தோளில் படபடத்தது.

"அழுக்குக் கண்ணாடியிலதான் லைட்டு தெரிஞ்சுதுங்களா?"

"நீ திடுதிப்புனு வந்த!"

"நேரா வந்தேனுங்க. நீங்கதான் திரும்புனீங்க."

இப்போது கை கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் குவிந்து விரிந்தது. மணிக்கட்டு சிவந்து வீங்கி, அவர் நாற்காலியோடு சேர்ந்து அதிர்ந்தார். மயிலாத்தாள் கூட்டத்துக்குள்ளிருந்து, "சொல்லித் தொலைங்களே!" என்று கத்தினாள்.

"பாத்தேன்!" என்று கத்தினார் தெய்வசிகாமணி. "பாத்தேன், பாத்தேன். லைட்டையும் பாத்தேன், உன்னையும் பாத்தேன். பச்சை சுடிதாரு, பின்னால ஐஸ் பொட்டி, எல்லாத்தையும் பாத்தேன். பொட்டப்புள்ளதான வருது, பிரேக் புடிச்சு நின்னுக்கும்னு திருப்புனேன். ஆம்பளையா இருந்திருந்தா நான் நின்னிருப்பேன். போதுமா?"

கை நின்றது. விரிந்தபடி நின்று, மெல்லத் தணிந்து, அவர் மடியில் வந்து விழுந்து, சாதாரணக் கையாகக் கிடந்தது.

களத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. கோகிலவாணி அதைத் தனக்கானது என்றுதான் முதலில் நினைத்தாள். எல்லோரும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "போச்சே" என்றார் கமிட்டித் தலைவர். ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு, ஏதாவது ஒன்றைக் கும்பிடாமல் இருக்க முடியாத ஊர் ஆகையால், சீக்கிரமே வேறொன்றைக் கண்டுபிடித்தது.

"என்ன மனுசன் பாத்தீங்களா?" என்றார் லேப்காரர். "பாத்துட்டுத்தான் இடிச்சேன்னு எவன் ஒத்துக்குவான் இந்தக் காலத்துல?"

"தெரியாம இடிச்சிருந்தாத்தான் தப்பு" என்றார் எஸ்.ஐ. "தெரிஞ்சு, ஒரு கணக்குப் போட்டுத்தான் திருப்பியிருக்காரு."

"அந்த மனசு வேணுமில்ல" என்று பல குரல்கள் சேர்ந்தன. யாரோ மாலை கொண்டுவரப் போனார்கள். கமிட்டித் தலைவர் கோகிலவாணியின் தோளைப் பார்த்துப் பேசினார்: "பெரிய மனுசன் உனக்காக இவ்வளவு தூரம் எறங்கி வந்துட்டாரு. கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்க அம்மணி. எல்லாம் தீந்துது."

கோகிலவாணி அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குழாயடியில் அவளோடு மல்லுக்கட்டிய அக்காவும் அதில் இருந்தாள், தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை மாதம் இவர்களோடா வாதாடினோம் என்று அவளுக்குத் தன் மேலேயே சிரிப்பு வந்தது. அவள் யார் காலிலும் விழவில்லை. மாமாவிடம் போய் உள்ளங்கையை நீட்டினாள்.

"இன்னைக்கேவா? கால் இன்னும்..."

"தன் வாயால சொல்லட்டும்னீங்க. சொல்லிட்டாரு."

மாமா ஊரைப் பார்த்தார். ஊர் மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, அவள் கையில் வைக்காமல், பைக் சீட்டின் மேல் வைத்தார்.

அவள் வண்டியை நகர்த்தி, நல்ல காலை ஊன்றி ஏறினாள். கிளப்பினாள். விளக்கு எரியவில்லை. ஹேண்டில்பாரில் புதிதாக ஒரு கறுப்பு சுவிட்ச் முளைத்திருந்தது. மாமாவும் பெரிய மனிதருக்கு மரியாதை செய்திருந்தார். கட்டைவிரலால் அதை அமுக்கினாள். பட்டப்பகலில், கொப்பரை உலரும் அந்த வெயிலில், ஹெட்லைட் பளீரென்று எரிந்தது.

கண்ட மாத்திரத்தில் களம் முழுக்கக் கைகள் எழுந்தன. கமிட்டிக்காரர் கை, எஸ்.ஐ. கை, லேப்காரர் கை, மாலையோடு ஓடிவந்தவன் கை. நூற்றுக்கணக்கான விரல்கள் மொட்டாகக் குவிந்து விரிந்தன, குவிந்து விரிந்தன. தெய்வசிகாமணி நாற்காலியை விட்டு எழுந்து, களத்தின் வாசலை அடைத்தாற்போல் வழியில் வந்து நின்றார். அத்தனை காலத்துக்குப் பிறகு சொன்ன பேச்சைக் கேட்கிற தன் வலது கையை, தானே, ஆசையோடு தூக்கினார். ஐந்து விரல்களையும் குவித்தார். விரித்தார்.

"லைட் எரியுது அம்மணி!"

கோகிலவாணி வண்டியை அவர் வேட்டி நுனி வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினாள். விளக்கு அவர் வயிற்றில் விழுந்தது.

"தெரியுதில்ல?" என்றாள். "ஒதுங்கு."